சுடாத கிண்ணங்கள்

பால் ஜாடியின் கைப்பிடி தானாகவே கழன்று விழுந்தது. யாரும் தொடவில்லை. பக்கத்து அறையில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த தலேர் ஒரு சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தான். பலகைமேல் கைப்பிடி இரண்டு துண்டாகக் கிடந்தது. ஜாடியின் தோளில் அது ஒட்டியிருந்த இடம் தோலுரிந்த முழங்கால் மாதிரி சொரசொரவென்று தெரிந்தது.

அந்தப் பலகையில் ஜாடியோடு ஆறு கிண்ணங்களும் இருந்தன. எல்லாம் அவன் மனைவி சவ்ரி கையால் பிடித்தவை. எல்லாம் இன்னும் சுடாத பச்சை மண். போன வருஷக் கோடையில் பிடித்து, நிழலில் காயவைத்து, மழைக்கு முன்னால் சூளையில் வைத்துவிடலாம் என்று வரிசையாக அடுக்கினாள். அதன்பிறகு காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

சரிகோக் என்ற அந்த மலை ஊரில் பானை பிடிப்பது பெண்களின் வேலை. சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, ஈரத் தோலால் வழித்து எழுப்புவார்கள். வீட்டுக்கு வேண்டியதை அந்தந்த வீட்டுப் பெண்ணே செய்துகொள்வாள். இலையுதிர்காலத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள மேட்டில் ஊர்ப் பானைகளையெல்லாம் ஒரே குவியலாக அடுக்கி, வறட்டியால் மூடி, நெருப்பு வைப்பார்கள். சாம்பலைத் திறக்கிறவரை ஆண்பிள்ளை எவனும் அந்த மேட்டில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் பானை விரியும் என்பார்கள். எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது. கேட்டவனும் இல்லை.

போன வருஷம் சவ்ரியின் அக்கா ஜுமாகுல் கூடையோடு வந்து நின்றாள். தலேர் கிண்ணங்கள் இருந்த அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். அவள் வெறுங்கூடையோடு திரும்பிப் போனாள்.

அவன் கணக்கு எளிமையானது. ஒவ்வொரு சூளையிலும் சில வெடிக்கும். எது வெடிக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. பலகையில் இருக்கிறவரை எதுவும் வெடிக்காது. கிண்ணங்களின் வெளிப்பக்கத்தில், அடிக்குச் சற்று மேலே, சவ்ரியின் விரல்கள் அழுந்திய நாலு குழிகள் இருந்தன. மற்ற பெண்கள் வழித்து மழமழவென்று ஆக்கிவிடுகிற இடம் அது. இவள் மட்டும் வழிக்காமல் விட்டிருந்தாள். தினமும் வேலை முடிந்து வந்து அந்தக் குழிகளைப் பார்ப்பான். தொடமாட்டான். பிறகு தூங்கிவிடுவான். அவன் சாலைத் துறையில் சர்வேயர். மலையை அளந்துவிட்டு வருகிறவனுக்குத் தூக்கத்துக்குக் குறைவில்லை. அழுகைதான் வரவில்லை. வராததைப் பற்றியும் அவனுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

இதற்கிடையில் வீட்டில் புழங்கிய பழைய மண் கிண்ணங்கள், மண் கிண்ணங்கள் உடைகிற மாதிரியே ஒவ்வொன்றாக உடைந்து தீர்ந்தன. தலேர் சந்தையிலிருந்து எனாமல் பூசிய இரும்புக் குவளைகளை வாங்கி வந்தான். அவன் அப்பா மீர்ஸோவுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது.

"இது குவளையா, கொல்லன் இடுக்கியா? உதட்டைப் புடிச்சு இழுக்குது" என்பார். ஒரு வாய் உறிஞ்சுவார். கை நடுக்கத்தில் கொஞ்சம் மடியில் சிந்தும். "கையையும் சுடுது. வயித்துக்குள்ள போறதுக்குள்ள ஆறியும் போகுது. ரெண்டு கெட்டதையும் ஒரே சாமான்ல வெச்சிருக்கான் பாரு, அவன் கெட்டிக்காரன்."

"ஆறினப்புறம் குடிங்க."

"ஆறினப்புறம் குடிக்க அது மருந்தாடா?"

தயிரும் சரியாக உறையவில்லை. இரும்புப் பாத்திரத்தில் தண்ணீர் தனியாக, கட்டி தனியாக மிதந்தது. மண் ஜாடியென்றால் அந்தத் தண்ணீரைச் சத்தமில்லாமல் குடித்துவிடும். தயிரில் கரண்டி நிற்கும். பலகையில் ஜாடி இருந்தது. ஆனால் சுடாத ஜாடியில் பால் ஊற்றினால் ஜாடியும் பாலும் சேர்ந்து சேறாகிவிடும்.

கைப்பிடி விழுந்த அன்று தலேர் வெகுநேரம் யோசிக்கவில்லை. சுவர் விரிசலுக்குப் பூசுகிற பிளாஸ்டர் மாவு பரணில் அரை மூட்டை இருந்தது. கொஞ்சம் குழைத்துக் கைப்பிடியை ஒட்டினான். வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் களிமண்ணைக் கரைத்துத் தடவினான். காய்ந்தபிறகு ஒட்டே தெரியவில்லை. நல்ல வேலை என்று அவனுக்கே பட்டது.

அடுத்த வாரம் மழை பிடித்தது. பலகையை ஈரச் சுவரிலிருந்து நகர்த்தலாம் என்று ஒரு கிண்ணத்தை எடுத்தான். விளிம்பில் கட்டைவிரல் பட்ட இடம் மாவாக உதிர்ந்தது. விரலைப் பார்த்தான். மஞ்சள் பொடி. சவ்ரியின் கிண்ணத்தில் ஒரு நகமளவு இப்போது அவன் கையில் இருந்தது.

மழை விட்டதும் அவனே ஜுமாகுலுக்குச் சொல்லியனுப்பினான்.

அவள் சாயங்காலம் வந்தாள். கக்கத்தில் ஒரு பழைய ரஜாய்ப் போர்வை, கையில் கூடை. சிரித்தால் ஓடைக்கு அக்கரை கேட்கிற பெண். அன்று சிரிக்கவில்லை.

"நாளைக்குச் சூளை. தர்றியா, மாட்டியா? சும்மா இழுத்தடிக்காதே, எனக்கு வீட்ல மாவு பிசைஞ்சு கெடக்கு."

"வெடிச்சிட்டா?"

"வெடிச்சா வெடிக்கும். கேரண்டி குடுக்க நான் என்ன ஃபிரிட்ஜா விக்கிறேன்?"

"அக்கா, எல்லாமே போயிட்டா?"

அவள் பலகையைப் பார்த்தாள். உதிர்ந்த விளிம்பைப் பார்த்தாள். "இங்கயே இருந்தா மட்டும் இருக்குமா தம்பி? இன்னொரு குளிர்காலம் தாங்காது. அப்புறம் துடைப்பத்தால கூட்டி அள்ளணும். அதுக்கு நெருப்பு மேல்." ரஜாயை விரித்துக்கொண்டே சொன்னாள், "அவ எனக்கும் தங்கச்சிதான். பாத்துத்தான் அடுக்குவேன்."

தலேர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். அவள் ரஜாய்க்குள் குழந்தையைச் சுற்றுகிற மாதிரி சுற்றிக் கூடையில் வைத்தாள். ஜாடி வந்தபோது கைப்பிடியை ஒட்டியதைச் சொல்லலாமா என்று நினைத்தான். கைப்பிடி உறுதியாகத்தானே இருக்கிறது என்று பட்டது. அதோடு, சொன்னால் நாளைக்கு மேட்டில் அத்தனை பெண்களும் சேர்ந்து சிரிப்பார்கள். சொல்லவில்லை.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. ஊரில் பாதி ஆண்கள் போகவில்லை. சூளை நாளில் ஓடைக்கு இந்தப் பக்கம், வால்நட் மரத்தடியில் பாய் விரித்து, பச்சைத் தேநீரும் ரொட்டியும் உலர்ந்த மல்பெரியுமாக உட்கார்ந்திருப்பது வழக்கம். அக்கரையில் பெண்கள் பானைகளை அடுக்குவது தெரியும். பேச்சு கேட்காது. ஓடையின் இரைச்சல் அப்படி.

மீர்ஸோ தன் பங்குக்கு ஒரு திண்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். எதிரே லாரி ஓட்டுகிற ஸஃபர். தலேரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். எதையும் சும்மா சொல்லமாட்டான். கையையும் காலையும் ஆட்டித்தான் சொல்வான்.

"அடுப்பு வாங்கினேன்ல, போன மாசம்? அதுல ஒரு விரிசல். நாம என்ன பண்ணுவோம்? நம்ம வீட்டுச் சுவரு, நம்ம வீட்டு அடுப்பு, எல்லாத்துக்கும் ஒரே வைத்தியம். பிளாஸ்டர் மாவை அப்பினேன். நல்லா மழமழன்னு. பொண்டாட்டி கூட மெச்சினா."

"அவ மெச்சினாளா? அப்ப ஏதோ கெட்டது நடந்திருக்கும்" என்றார் மீர்ஸோ.

"கேளுங்க மாமா. அன்னைக்குன்னு மாமியார் வந்திருக்காங்க. அடுப்பு எரியுது, சூப்பு கொதிக்குது. டமார்னு ஒரு சத்தம். அப்பின துண்டு பறந்து போய் நேரா சூப்புல விழுந்துச்சு. எனக்கு உயிரே இல்லை. மாமியார் நிதானமா கரண்டியால அதை எடுத்துப் பாக்குறாங்க. 'மாப்பிள்ளே, கறி இன்னும் கொஞ்சம் வேகணும்'னாங்க."

மரத்தடியே சிரித்தது. தலேர் சிரிக்கவில்லை. அவன் கையில் பாதி பிய்த்த ரொட்டி இருந்தது.

இறுகின பிளாஸ்டருக்குள் தண்ணீர் இருக்கிறது. கல் மாதிரி தோன்றும், ஆனால் அதன் எடையில் நல்ல பங்கு தண்ணீர்தான். சூடு ஏறினால் அது ஆவியாகும். வெளியேற வழியில்லாவிட்டால் வழியை உண்டாக்கிக்கொள்ளும். இதெல்லாம் கல்லூரியில் படித்ததுதான். பரீட்சை எழுதித் தேறியதுதான். சுவரில் அல்லாமல் வேறு எதிலாவது பூசும்போது அது நினைவுக்கு வந்திருக்கவேண்டும்.

ஜுமாகுல் ஒரே வீட்டுப் பானைகளைப் பக்கத்துப் பக்கத்தில்தான் வைப்பாள். ஜாடியைச் சுற்றி ஆறு கிண்ணங்கள்.

அக்கரையில் குவியலின் காற்று அடிக்கும் ஓரத்து மூலையில் நீலமாக ஒரு புகை எழும்பியது.

தலேர் ரொட்டியைப் போட்டுவிட்டு ஓடினான்.

"எங்கடா போறே? சொல்லிட்டுப் போடா!" ஸஃபர் கத்தினான்.

கரையில் நின்று தலேர் கையை ஆட்டினான். "நெருப்பை நிறுத்துங்க! ஜாடியை எடுங்க!"

ஓடை அவன் குரலை அப்படியே விழுங்கிவிட்டது. அக்கரையில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். மற்றவளிடம் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். போன வருஷம் பூட்டியவன் இந்த வருஷம் திருப்பிக் கேட்க வந்துவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். புகை கொஞ்சம் தடித்தது.

தலேர் பூட்ஸோடு ஓடைக்குள் இறங்கினான். பனி உருகி வருகிற தண்ணீர். முழங்கால் வரை கத்தி மாதிரி ஏறியது. நடு ஓடை வரை போனான். அதற்குமேல் போகக் கூடாது என்று கால்களுக்கே தெரிந்திருந்தது. அங்கேயே நின்றான். தண்ணீர் எந்தக் கரைக்கும் சொந்தமில்லை.

இப்போது ஜுமாகுல் பார்த்துவிட்டாள். நீளக் கம்பை ஓங்கிக்கொண்டு கரைக்கு ஓடி வந்தாள்.

"அங்கயே நில்லு! இன்னும் ஒரு அடி வெச்சே, இந்தக் கம்பால காலை ஒடிச்சுடுவேன்! உனக்கென்ன பைத்தியமா?"

"ஜாடியை எடுங்க அக்கா! கைப்பிடியில பிளாஸ்டர் இருக்கு!"

"என்ன இருக்கு?"

"பிளாஸ்டர்! சுவத்துக்குப் பூசுற மாவு! கைப்பிடி விழுந்துச்சு, நான்தான் ஒட்டினேன்! மேல மண்ணு தடவிட்டேன்!"

பின்னாலிருந்து ஒருத்தியின் குரல் வந்தது. "ரோடு போடுறவன் கையில ஜாடியைக் குடுத்தா, அவன் ரோடுதான் போடுவான்!"

ஜுமாகுல் சிரிக்கவில்லை. திரும்பி ஓடினாள். "தள்ளுங்கடி! காத்தோரத்தைத் தள்ளுங்க! எரியிறதை மட்டும் இழுத்துப் போடுங்க!"

பெண்கள் கம்புகளால் வறட்டிகளை இழுத்தார்கள். எரிந்தவை புல்மேல் உருண்டன. ஒருத்தி ஈரச் சாக்கால் அவற்றை அடித்தாள். புகையில் யார் யார் என்று தெரியவில்லை. ஜுமாகுல் மண்டியிட்டுக் குவியலுக்குள் கையை விட்டாள். தோள் வரை விட்டாள். வெளியே எடுத்தாள். இல்லை. இன்னொரு பக்கம் விட்டாள்.

தலேர் நின்றுகொண்டே இருந்தான். ஓடக் கூடாது, உதவக் கூடாது, பார்க்க மட்டும்தான் முடியும். கால் வலிக்க ஆரம்பித்தது. முதலில் பாதம், அப்புறம் எலும்பு. நன்றாக வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். ஏதாவது ஒன்று இப்படி வலித்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று விநோதமாகத் தோன்றியது.

ஜுமாகுல் எழுந்தாள். மார்போடு அணைத்தபடி ஜாடி. பாவாடையை ஒரு கையால் இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். முகமெல்லாம் கரி. ஒரு கைச் சட்டை முழங்கை வரை பொசுங்கியிருந்தது.

"பிடி. ரெண்டு கையாலயும் பிடி. தண்ணியில விட்டே, சேறுதான்."

ஜாடி இளஞ்சூடாக இருந்தது.

"கையைச் சுட்டுக்கிட்டீங்களா?"

"நான் ரொட்டி சுடுறவ. என் கை எப்பவோ வெந்துபோச்சு."

"கிண்ணம்?"

"ஆறும் இருக்கு. ஒண்ணு லேசா சாஞ்சிருந்துச்சு, நிமித்திட்டேன்." மூச்சு வாங்கினாள். "இப்பப் போ தம்பி. நீ இங்க நின்னு பாத்துக்கிட்டிருந்தா எனக்கு அடுக்க வராது."

அவன் ஜாடியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இக்கரைக்கு வந்தான். மரத்தடியில் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஸஃபர் வாய் திறக்கப் போனான். மீர்ஸோ அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். அவனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"என் கதையைக் கேட்டு யாராவது உருப்பட்டாங்கன்னா அது இன்னைக்குத்தான்" என்றான்.

மறுபடி அடுக்கி, மறுபடி மூடி, அவர்கள் நெருப்பு வைத்தபோது வெயில் ஏறிவிட்டது. இந்த முறை நாலு பக்கமும் ஒரே சீராகப் பிடித்தது. தலேர் மடியில் ஜாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பா வீட்டுக்குப் போய் உலர்ந்த காலுறை கொண்டுவந்தார்.

"போட்டுக்க. ரெண்டும் ஒரே ஜோடி இல்லை. இருட்டுல தேடினேன்."

"பட்டப்பகல்ல இருட்டா?"

"உன் அறை அப்படித்தானே இருக்கு. ஜன்னலைத் திறந்தாத்தானே." பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "எல்லாம் போனாலும் ஒண்ணாவது தேறட்டும். அந்த இரும்பை நான் ஓடையில வீசணும்."

பொழுது சாய்கிற நேரத்தில் குவியலுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. டப். ஓடை இரைச்சலையும் மீறித் தெளிவாகக் கேட்டது. மரத்தடியில் எல்லாரும் அக்கரையைப் பார்த்தார்கள். ஏதோ ஒன்று வெடித்துவிட்டது. யாருடையது என்று சாம்பலைத் திறக்கிறவரை யாருக்கும் தெரியாது. எல்லாரும் தங்கள் வீட்டுப் பானைகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தலேர் அன்றிரவு தூங்கவில்லை. ஓராண்டாகப் படுத்தவுடன் தூங்கிவிடுகிறவனுக்கு அது புதிது.

விடிந்ததும் போனான். பெண்கள் ஏற்கெனவே சாம்பலை விலக்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு பெரிய பானையின் தோள் தெரிந்தது. பிறகு ஒன்று, இன்னொன்று. செங்கல் நிறமும் ஆங்காங்கே கரும்புகைத் திட்டுமாக வெளியே வந்து புல்மேல் உட்கார்ந்தன. ஒருத்தி குனிந்து நிமிர்ந்தாள். கையில் ஒரு பெரிய ஓடு. ஸஃபரின் மனைவி.

"நம்மளுதுதான்!" என்று தண்ணீர் விளிம்புக்கு ஓடி வந்து இக்கரைக்குக் கத்தினாள். "தண்ணிப் பானை!"

ஸஃபர் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"எதுக்குத் தலையில கை வைக்கிறே? தண்ணி தூக்கிட்டு வர்றது நானு! வர்ற வருஷம் வரைக்கும் பக்கெட்ல நீ தூக்கு!"

வெடித்தது தன்னுடையது இல்லை என்று தெரிந்தபோது தலேருக்கு முதலில் வந்தது சந்தோஷம். உடனே ஸஃபரைப் பார்த்து வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷம் போகவில்லை.

ஜுமாகுல் கையை அசைத்தாள். "வா. இனி வரலாம்."

மரப்பாலத்தின் வழியாகப் போனான். அவள் கால்மாட்டில் ஆறு கிண்ணங்கள் கவிழ்ந்திருந்தன. சாம்பல் தூவியிருந்தது. அவள் எதையும் அவனிடம் எடுத்துக் கொடுக்கவில்லை.

"நீயே சுண்டிப் பாரு."

அவன் உட்கார்ந்தான். முதல் கிண்ணத்தைக் கையில் எடுத்தான். இன்னும் சூடு இருந்தது. சுட்டுவிரலால் சுண்டினான்.

கணீரென்றது.

அடுத்ததும். அதற்கடுத்ததும். நாலாவது, விளிம்பு உதிர்ந்தது. நகமளவு பொக்கையோடு அதுவும் கணீரென்றது. ஐந்தாவது மட்டும் மொத்தென்று கேட்டது. திருப்பிப் பார்த்தான். அடியில் மயிரிழை மாதிரி ஒரு கோடு.

"அது தண்ணி தாங்காது. உப்பு போட்டு வெச்சுக்கலாம்" என்றாள் ஜுமாகுல். "ஆறாவது?"

ஆறாவது கணீரென்றது. அவன் இன்னொரு தடவை சுண்டினான். தேவையில்லாமல் மூன்றாவது தடவையும் சுண்டினான்.

"போதும்டா, அது என்ன கோயில் மணியா?" என்றாள் அவள். உடனே பக்கத்திலிருந்த பால் வாளியை இழுத்தாள். கிண்ணம் ஒன்றைத் தணல் சாம்பலில் புதைத்துச் சூடேற்றி, சாக்கால் பிடித்து, கரண்டியால் பால் ஊற்றிச் சுழற்றினாள். சுர்ரென்றது. செங்கல் நிறத்துக்குள் பால் இழுபட்டு, உட்புறம் பழுப்பாக, கரும்பழுப்பாக மாறியது.

"அக்கா! கறையாகுது!"

"ஆகட்டும். பால் குடிக்காத கிண்ணம் ஒழுகும். உனக்குத் தெரியாதா?"

"நான் அலமாரியில வைக்கலாம்னு..."

"அலமாரிக்குச் சந்தையில பிளாஸ்டிக் பூ விக்கிறான், வாங்கி வை." அடுத்த கிண்ணத்தை எடுத்தாள். அதைத் திருப்பி அந்த நாலு குழிகளைக் காட்டினாள். "இது எதுக்குன்னு நெனச்சே?"

"வழிக்க மறந்துட்டா. இல்லேன்னா... அவ அடையாளம்."

"மறக்குற ஆளா அவ? உங்கப்பாவுக்குக் கை நடுங்குது, சூடா எது குடுத்தாலும் மடியில ஊத்திக்கிறார்னு சொல்லிட்டே இருந்தா. வழுக்காம இருக்கணும், விரல் போய்த் தானா உக்காரணும்னு, ரெண்டு மூணு தடவை பிடிச்சுப் பிடிச்சு அழிச்சா. நான் கூட, இது என்னடி அசிங்கமா இருக்குன்னு சண்டை போட்டேன்."

தலேர் கிண்ணத்தை வாங்கி, குழிகளில் தன் விரல்களை வைத்துப் பார்த்தான். அவன் விரல் பெரிது. முழுக்க அடங்கவில்லை. ஆனாலும் கிண்ணம் கையில் நின்றது. ஓராண்டாக அறைக்குள் பூட்டி வைத்து அவன் பார்த்துக்கொண்டிருந்தது அப்பாவின் கிண்ணத்தை. வெளியே அப்பா இரும்புக் குவளையால் மடியைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

கண் எரிந்தது. சாம்பல் என்று நினைத்தான். கன்னம் நனைந்தபிறகுதான் சாம்பல் இல்லை என்று தெரிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. கை இரண்டிலும் கிண்ணம் இருந்தது. ஜுமாகுல் அவனைப் பார்க்காத மாதிரி பால் வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"கரண்டியைக் குடுங்க" என்றான். மீதிக் கிண்ணங்களுக்கு அவனே பால் ஊற்றினான்.

"ஜாடியை என்ன செய்யறது?"

"பிளாஸ்டரைக் கத்தியால தோண்டி எறி. ஒரு பொட்டு விடக் கூடாது. அப்புறம் உடைச்சு ஊறப்போடு. வர்ற கோடையில என் மண்ணோட சேத்துப் பிசைஞ்சு உனக்கு வேற ஜாடி பிடிச்சுத் தர்றேன். சுடாததுனால தப்பிச்சே. சுட்டிருந்தா ஓடு, குப்பைதான்."

வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் செய்தான். வாசலில் உட்கார்ந்து வெள்ளையெல்லாம் போகும்வரை கத்தியால் சுரண்டினான். பிறகு ஜாடியைச் சாக்கில் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டான். கை தயங்கும் என்று எதிர்பார்த்தான். தயங்கவில்லை. துண்டுகளை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். குமிழி விட்டுக்கொண்டே அவை ஒவ்வொன்றாகக் கரைந்து கீழே படிந்தன. ஒரு குச்சியால் கிளறிவிட்டு, தூசி விழாமல் மூடி வைத்தான்.

மறுநாள் காலை ஷீர்சோய் போட்டான். பாலில் தேயிலை, உப்பு, மேலே ஒரு கட்டி வெண்ணெய். அப்பாவுக்குப் புதுக் கிண்ணத்தில் ஊற்றி, ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கொடுத்தான். மீர்ஸோ இரண்டு கையாலும் வாங்கினார். கை நடுங்கியது. விரல்கள் தடவித் தேடி, குழிகளைக் கண்டுபிடித்து, அதில் போய் உட்கார்ந்தன. அவர் கிண்ணத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். விளிம்பில் வாயை வைத்து நீளமாக உறிஞ்சினார்.

மடியில் ஒரு சொட்டு விழவில்லை.

"எப்படி இருக்கு?"

"உப்பு ஜாஸ்தி. அவ போட்டா இப்படியா இருக்கும்?"

ஒரு வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் அவளைப் பற்றி யாரோ சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னார்கள்.

"அவ போட்டாலும் உப்பு ஜாஸ்தின்னுதானே சொல்லுவீங்க?"

"அவ கிட்ட சொன்னா மறுநாள் குறைப்பா. நீ எங்க குறைக்கப் போறே?" கிண்ணத்தை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

தலேர் ஊற்றினான். தனக்கும் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டான், விளிம்பு பொக்கையான அதை. பொக்கை இல்லாத பக்கமாகத் திருப்பி வாயில் வைத்தான். உப்பு ஜாஸ்திதான். சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்தான்.